உன் தங்கை சும்மா இருந்த நாள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இதற்குள் கூப்பிட்டிருப்பாய். கடிதமாக எழுதுவதற்குக் காரணம், தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்துவைக்கிறாய், அதுவும் தப்பாக. தவிர, இப்போது நான் இருக்கும் அறையில் பேசினால் ஹாலில் கேட்கும்.

நீ ஒப்படைத்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பயிற்சிக்கு நடுவில் தங்கைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பார்கள், அன்று அவள் வீட்டில்தான் கிடப்பாள், பேசி நிறுத்திவிடுங்கள் என்றாய். நானும் உன் பக்கம்தான். முதுகில் ஒரு காற்றுக் குப்பிகூட இல்லாமல், ஒரே மூச்சை நெஞ்சில் அடக்கிக்கொண்டு, இருபது மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த ஆழத்துக்குக் கடலில் இறங்கி, அங்கே கயிற்றில் தொங்கும் ஒரு அட்டையைப் பிய்த்துக்கொண்டு மேலே வர வேண்டுமாம். அதற்குச் சாதனை என்று பெயராம். அந்த அட்டையை மேலேயே கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். வாளித் தண்ணீரில் முகம் கழுவவே யோசிக்கிற மனிதர் உன் அப்பா; அவருக்கு இப்படி ஒரு மகள்.

இன்றுதான் அந்த ஓய்வு நாள். காலையில் பயிற்சியாளரே அவளைக் கூட்டிவந்து, கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தருகிற மாதிரி வாசலில் ஒப்படைத்தார். அளந்து பேசுகிறவர். படி ஏறக் கூடாது, பால் குடிக்கக் கூடாது, சண்டை கூடாது, முக்கியமாக மூச்சை அடக்கிப் பார்க்கவே கூடாது என்றார். எல்லாவற்றையும்விட முக்கியம், சளி பிடித்தவர் யாரும் அவள் பக்கம் வரக் கூடாதாம். சளி பிடித்தால் காது அடைக்கும், காது அடைத்தால் ஆழத்துக்குப் போக முடியாது, இந்த வாரத்தை விட்டால் கடல் கலங்கிவிடும், பிறகு அடுத்த வருஷம்தான். போகும்போது, படகில் வீட்டார் ஒருவருக்கு இடம் வைத்திருக்கிறேன், வருகிறீர்களா என்றார். என் மகள் மூச்சு விடாமல் இருப்பதை வேடிக்கை பார்க்க நான் வருவதாக இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மரியாதையாகத்தான் சாத்தினேன்.

சும்மா இருப்பது என்றால் இவ்வளவு சும்மா இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. சோபாவில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் படித்த கான்வென்டில் ஒரு பெண் இப்படிக் கிடந்தால் கையில் ஊசியும் நூலும் வந்துவிடும். சரி, உத்தரவு என்று பொறுத்துப் பார்த்தால், நெஞ்சு ஏறி இறங்கவில்லை. திருட்டுத்தனமாக மூச்சடக்குகிறாள். பேசுகிறவள் மூச்சை அடக்க முடியாது அல்லவா, அதனால் செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொல்லலாம் என்று தீர்மானித்தேன். ஆனால் செய்தித்தாள் மேல்வீட்டுக் கணக்கரிடம் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற நாளிலிருந்து நம் செய்தித்தாளை நமக்கு முன்னால் படிக்கிற உரிமையை எப்படியோ சம்பாதித்துவிட்டார். அவரே திருப்பித் தர வந்து, வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே நில்லுங்கள், உங்களுக்குச் சளி, உள்ளே வரக் கூடாது என்றேன். இத்தனை வருஷத்தில் யாரையும் வாசலில் நிறுத்தியவள் இல்லை நான். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“சளி எனக்கில்லீங்க. உங்களுக்குத்தான் குரல் கம்மியிருக்கு.”

வெங்காயம் நறுக்கினேன் என்று சொல்லி, செய்தித்தாளை ஜன்னல் வழியாக இடுக்கியில் வாங்கினேன். அதைப் பக்கம் பக்கமாகச் சூடாக இஸ்திரி போட்ட பிறகுதான் அவளிடம் கொடுத்தேன். விளையாட்டுப் பக்கம் லேசாகக் கருகிவிட்டது, பாதகமில்லை. தலையங்கத்தை அவள் படித்த அழகைப் பார்த்திருந்தால் உனக்கே உறக்கம் வந்திருக்கும், அவளுக்கு வந்துவிட்டது. நான் சமையலறைக்குப் போனேன்.

அந்த நேரம் பார்த்துக் குழாய் ரிப்பேர்க்காரர் வந்தார். குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன். கதவு திறந்திருந்ததால் நேராக ஹாலுக்கு வந்திருக்கிறார். உன் தங்கை சோபாவிலிருந்து தரைக்கு மாறி, காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து, கண்ணை மூடி, நான் இல்லாத தைரியத்தில் மறுபடி மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள். அந்த மனிதர் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறார். அவரும் நல்ல மனிதர்தான், கூச்சல் போடவில்லை. பையை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

“பெரியம்மா, மனசைத் தேத்திக்கோங்க. நம்ம கையில என்ன இருக்கு.”

நம் கையில் குழாய் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க முடியாது; பெற்ற மகளைப் பறிகொடுத்த இடத்தில் குழாயைப் பற்றிப் பேசுகிற தாயை அவர் அதுவரை பார்த்ததில்லை போலும். விஷயம் புரிந்து நான் ஹாலுக்குப் போய், எழுந்திரு என்றேன். பிணம் ஒரு விரலைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டியது. ரிப்பேர்க்காரர் ஓடிவிட்டார். பையும் ஸ்பேனரும் இங்கேதான் கிடக்கின்றன. குழாய் இன்னும் சொட்டுகிறது.

இனியும் தாமதிப்பதில் அர்த்தமில்லை என்று நீ சொன்ன பேச்சை அப்போதே எடுத்தேன். வெளிச்சத்துக்காக நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், அவள் சோபாவில். போதும், இத்தோடு நிறுத்திக்கொள், உன் அண்ணனும் அதையேதான் சொல்கிறான் என்றேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன், வரவில்லை. அடுத்த வருஷம் தனக்கு நாற்பது, இதே உடம்பு அப்போதும் இருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம் என்றாள். அப்படி என்னதான் இருக்கிறது கீழே என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லம்மா. கொஞ்ச ஆழம் போனதும் உடம்பு தானா இறங்க ஆரம்பிச்சிடும். கை காலை அசைக்க வேணாம், ஒண்ணும் யோசிக்க வேணாம். ஓய்வுன்னா அதுதான் ஓய்வு.”

“வீட்டுல ஓய்வு இல்லையா?”

“வீட்டுல நீங்க இருக்கீங்களேம்மா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து வந்து என் மடியில் தலை வைக்கப் பார்த்தாள். எட்டி நில் என்று சொல்லிவிட்டு, என் அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா இது? அவமதிப்புக்கு எதிர்ப்புத் தெரிவித்து மத்தியானத்திலிருந்து உள்ளேயே இருக்கிறேன். உண்ணாவிரதம் இல்லை; சாப்பாட்டைத் தட்டில் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள், சுமாராகத்தான் சமைத்திருக்கிறாள். கதவைத் தட்டி, கோவமாம்மா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன். ஆக, உன் வேலையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. மனம் மாறினால் அது என் பிடிவாதத்தால். மாறாவிட்டால் அது உன் அப்பா வழிப் பிடிவாதத்தால்.

நேரத்துக்குச் சாப்பிடு. மருமகளைக் கேட்டதாகச் சொல், அவள் அனுப்பிய சால்வை நீளம் போதவில்லை என்பதையும் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் வாழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிற,

உன் அம்மா

பி.கு.: படித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. எனக்கு நேற்று இரவே சளி பிடித்துவிட்டது. கணக்கர் சொன்னது சரி, அதை அவரிடம் சொல்லப்போவதில்லை. அவளை மடியில் தலை வைக்க விட்டிருந்தால் நீ கேட்டது பேச்சே இல்லாமல் நடந்திருக்கும். ஒரு தும்மல் போதும். தும்மல் வரத்தான் செய்தது. தாழ்ப்பாள் போட்டு, தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்மினேன். நான் கோபமாக இருப்பதாகவே அவள் நினைக்கட்டும், காரணம் தெரிந்தால் கதவை உடைத்துக்கொண்டு கஷாயத்தோடு வந்து நிற்பாள். படகில் அந்த ஓரிடம் எனக்குத்தான் என்று பயிற்சியாளருக்குச் செய்தி அனுப்பியாயிற்று. அவள் கடலில் இறங்கும் நாளுக்குள் என் மூக்கு காயாவிட்டால் நீ போய் உட்கார வேண்டும். மேலே வந்து அவள் முதல் மூச்சு விடும்போது வீட்டு ஆள் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். வரும் வழியில் தலையை நனைத்துக்கொள்ளாதே.