ஜமீன் வயிற்றில் இடுமருந்து

1994ஆம் ஆண்டு ஆனி மாதம் தச்சநல்லூரில் இடுமருந்து இல்லாத வயிறே கிடையாது. வேலை கிடைக்காதவன் வயிற்றில் மருந்து. மாமியாரை எதிர்த்துப் பேசிய மருமகள் வயிற்றில் மருந்து. கணக்கில் தோற்ற பிள்ளை வயிற்றில், பாவம், இரண்டு மருந்து. ஆகாதவர்கள் யாரோ சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிட்டார்களாம். அது உள்ளே ஒட்டிக்கொண்டு ஆளைக் கெடுக்கிறதாம். அதை எடுக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். முக்கூடல் பக்கமிருந்து வந்து இறங்கிய குழல்சாமி.

சாமியின் கையில் ஒரு பித்தளைக் குழல். ஒரு முனையை வயிற்றில் வைப்பார். மறுமுனையில் வாயை வைத்துச் சர்ரென்று உறிஞ்சுவார். கண் பிதுங்கும். பிறகு தட்டில் துப்புவார். கறுப்பாக, பிசுபிசுவென்று, முடி சுற்றிய ஓர் உருண்டை! பெரிய டாக்டர்கள் கத்தியால் செய்கிற வேலையை இவர் எச்சிலாலேயே முடித்தார். விடிவதற்குள் வரிசை, சாமி தங்கியிருந்த பழைய அரிசி மில்லைச் சுற்றி வளைந்துவிடும்.

அந்த வரிசையில் ஒரு நாள் கூடையும் பூனையுமாக வந்து நின்றார் பூதலிங்கம். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

பூனையின் பெயர் ஜமீன். எட்டு வயசுக் கடுவன். நாலு நாளாக அது சாப்பிடவில்லை. படுக்கவும் இல்லை. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டிக் குந்தியபடியே வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. விலா கொல்லன் துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. பூதலிங்கத்தின் மனைவி ஆவுடைத்தாய் அதன் பக்கத்திலேயே பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் வெளியூருக்குப் போன பிறகு அந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்டது ஜமீன் மட்டும்தான்.

"மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்" என்றாள்.

"மாட்டு டாக்டருக்குப் பூனையப் பத்தி என்னட்டி தெரியும்?"

"குழல்சாமிக்குத் தெரியுமாக்கும்?"

"அது வேற விஷயம். உறிஞ்சும்போது குழலுக்குள்ள வெற்றிடம் உண்டாவுது. காத்தழுத்த வித்தியாசத்துல உள்ள இருக்கது வெளிய வந்துருது."

இப்படிப்பட்டவரிடம் படித்தும் ஊரில் நாலு பேர் என்ஜினீயர் ஆனதுதான் உண்மையான அற்புதம்.

சாமி குழலை வைத்தார். ஜமீன் சாமியின் மூக்கில் நாலு கோடு போட்டது. எங்கோ வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் மருந்தைப் பார்க்கத் தெரிந்த ஞானக்கண்ணுக்கு, எதிரே வந்த பூனைக்கை தெரியவில்லை. ஆனாலும் உருண்டை வந்துவிட்டது.

"இது துஷ்ட மருந்து. மூணு தடவை எடுக்கணும்" என்றார் சாமி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "இனிமே கூடைய மூடிக் கொண்டாங்க. துணிக்கு மேலயே எடுத்துருதேன். தெறக்கப்பிடாது. வீட்டுல நல்லா சாம்பிராணி போடுங்க." கண்ணை மூடி ஒரு கணம் யோசித்தார். "மருந்து பால்ல வந்திருக்கு. வெள்ளன செம்போட வாசலுக்கு வாரவ வச்சது."

செம்போடு வருகிறவள் முப்பிடாதி. இரண்டு எருமையை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிற கைம்பெண். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் எந்தக் கதவும் அவளுக்குத் திறக்கவில்லை. மளிகைக் கடை ஞானசம்பந்தன், "எங்க வீட்டுல புள்ளைங்க இருக்கு. இந்தப் பக்கம் வராத" என்று தெருவில் வைத்தே சொல்லிவிட்டார்.

நிறைந்த செம்போடு ஆவுடைத்தாய் முன்னால் வந்து நின்றாள் முப்பிடாதி. "ஆச்சி, பூனைக்கும் எனக்கும் என்ன வரப்புத் தகராறா? நான் எதுக்கு அதுக்கு மருந்து வைக்கேன்?"

"நீ ஊத்துட்டி" என்று பாத்திரத்தை நீட்டினாள் ஆவுடைத்தாய்.

இரண்டாம் தடவையும் உருண்டை வந்தது. வீட்டில் சாம்பிராணிப் புகை சூழ்ந்தது. ஆவுடைத்தாய் முதல் நாளிலிருந்தே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஜமீனின் மூச்சை எண்ணி, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்திருந்தாள். அதைக் கணவர் முன்னால் வைத்தாள்.

"சாமிகிட்டப் போறதுக்கு முன்னால நிமிஷத்துக்கு அறுபது மூச்சு. இப்ப தொண்ணூறு. நாக்கு நீலம் பாரிச்சுட்டு. உங்க வெற்றிடம் எங்க வேலை செஞ்சுச்சுன்னு சொல்லுங்க."

பூதலிங்கம் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் ஆட்டோ பிடித்தாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் தேவசிகாமணி ஜமீனின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். இவர் குழாயில் கேட்க மட்டும்தான் செய்தார், உறிஞ்சவில்லை.

"நெஞ்சுக்கூட்டுக்குள்ள சீழ் கட்டியிருக்கும்மா. நுரையீரல் விரிய இடமில்ல. சண்டையில கடிபட்டிருக்கும்." ஊசியை இறக்கி, கலங்கிய சீழைச் சிரிஞ்சில் மெதுவாக இழுத்தார். இரண்டு சிரிஞ்சு நிறைந்தது. ஜமீனின் விலா கொஞ்சம் தணிந்தது. "புகை காட்டாதீங்க. அழுத்திப் பிடிக்காதீங்க. வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறிரும். வெள்ளிக்கிழமை காலையில கொண்டாங்க, மறுபடியும் எடுக்கணும். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் இங்கன இருக்கட்டும்."

அந்த வெள்ளிக்கிழமைதான் சாமியிடமும் மூன்றாம் தடவை.

காலையில் ஜமீனை டாக்டரிடம் விட்டுவிட்டு, மூடிய கூடையோடு நேரே அரிசி மில்லுக்கு வந்தாள் ஆவுடைத்தாய். பூதலிங்கம் முன்னாலேயே போய் வரிசையில் இடம் பிடித்திருந்தார். முப்பிடாதியும் கூட வந்தாள். அவளைக் கண்டதும் கூட்டம் ஒதுங்கி வழி விட்டது, பயத்தில்தான்.

சாமி குழலைத் துணிமேல் வைத்துக் காதைக் கொடுத்தார். "ம்ம்... மூச்சு இழுக்கு. கேக்குதா?"

"நல்லாக் கேக்கு சாமி! கொர்ருனு கேக்கு!" என்றார் ஞானசம்பந்தன், ஆறடி தள்ளி நின்று.

சர்ரென்று ஓர் உறிஞ்சல். கண் பிதுங்கியது. தட்டில் உருண்டை விழுந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி, இது கூடைக்குள்ள இருந்துதானே வந்துச்சு?" என்றாள் ஆவுடைத்தாய்.

"பின்ன, எம் வாய்க்குள்ள இருந்தா வந்துச்சு?"

அவள் துணியை உருவினாள். கூடைக்குள் ஒரு தலையணை இருந்தது. நல்ல இலவம்பஞ்சுத் தலையணை.

"பூனை தலையணையா மாறிட்டே!" என்று ஒருவர் அலறினார்.

"ஒண்ணும் மாறல. பூனை ஆஸ்பத்திரியில இருக்கு" என்றாள் ஆவுடைத்தாய். "இந்தத் தலையணைக்கு யாரு சாமி மருந்து வச்சா? இதுவும் முப்பிடாதி பாலைக் குடிச்சுதோ?"

சாமி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். முப்பிடாதி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "வாயைக் கொப்புளிச்சுட்டு இன்னொரு தடவை எடுங்க சாமி. பாப்போம்."

சாமி தலையை மட்டும் ஆட்டினார். இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. அதைப் பார்த்ததும் பூதலிங்கத்துக்குள் முப்பத்திரண்டு வருஷத்து வாத்தியார் விழித்துக்கொண்டார். வகுப்பில் நெல்லிக்காயை அடக்கிக்கொண்ட எத்தனை கன்னங்களைப் பார்த்தவர்!

"ஏலே, வாயைத் தெற!"

அந்த அதட்டலில் சாமியின் வாய் தானாகத் திறந்தது. தட்டில் இன்னோர் உருண்டை விழுந்தது. அடுத்த முறைக்காரர் சட்டையைத் தூக்கியபடி நின்றிருந்தார். அவர் மருந்து அவரை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

பிறகு குழல் ஒரு பக்கமும் சாமி ஒரு பக்கமுமாக ஓடினார்கள். குழல் மட்டும் அகப்பட்டது.

ஜமீனுக்கு இன்னும் ஒரு தடவை சீழ் எடுத்தார்கள். மூன்று வாரம் ஊசி. உடம்பு தேற மீன் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அந்தச் சைவ வீட்டின் கொல்லையில் முப்பிடாதி தன் சட்டியில் மீனை அவித்துக் கொடுத்தாள். பூதலிங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு முள் எடுத்தார். ஒரு நாள் ஜமீன் கால்களை நீட்டி, ஒருக்களித்துப் படுத்துத் தூங்கியது. ஆவுடைத்தாய் மூச்சை எண்ணினாள். இருபத்தெட்டு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தெருவும் மெல்ல முப்பிடாதியிடம் பால் வாங்கத் தொடங்கியது. அவளிடம் மன்னிப்புக் கேட்டவர் மட்டும் யாரும் இல்லை.

ஞானசம்பந்தனும் வந்தார், வேறொரு விஷயமாக. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஆச்சி, சாமி கள்ளன்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா ஒரு சந்தேகம். அந்தத் தலையணைக்கு நெசமாவே யாராவது மருந்து வச்சிருப்பாவளோ?"

ஆவுடைத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, தலையணைக்குள்ள பஞ்சு இருக்கலாம். தலைக்குள்ளயும் பஞ்சை அடைச்சு வச்சா, வாரவன் போறவன் எல்லாம் அதுல சாஞ்சு படுத்துக்கிடுவான். கொஞ்சம் யோசிங்க."