பதினொன்றாம் கருத்து: ஒரு தகப்பனின் விளக்கம்

வார்டெர்சைல்,
ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 23

அன்பும் மரியாதையும் மிக்க பௌக்யா அக்காவுக்கு,

தம்பி வீப்ரன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி வெல்மூத்தும் சுகம். கனடாவில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் எங்களைவிட ஒரு பிடி கூடுதலாகவே சுகமாயிருக்க வேண்டும். ஊரில் விசேஷம் ஒன்றே ஒன்றுதான்: என் பெண் ஹிஸ்கே வெள்ளிக்கிழமை டாக்டர் ஆகிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, புள்ளியியல் டாக்டர். உனக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து தரமாட்டாள். மறுபடி எப்போது வரும் என்று சொல்லுவாள்.

நாலு வருஷமாகக் குரோனிங்கனில் அந்தப் பெண் என்னதான் படித்தாள் என்று கேட்டிருந்தாய். எப்போதாவது நடக்கிற காரியம் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் என்று கணக்குப் போடுகிற படிப்பு அது. கடல் கரையை உடைப்பது, ஆறு ஊருக்குள் வருவது, இந்த மாதிரி. வெள்ளத்தை எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இவள் எடுத்துக்கொண்டது பனிக்கட்டியை! நம் ஃப்ரீஸ்லாந்துக் கால்வாய்கள் பனிமேல் பதினோரு ஊரைச் சுற்றிவரும் சறுக்கு ஓட்டம் நடத்துகிற அளவுக்குக் கெட்டியாக இனி எப்போது உறையும் என்பதுதான் ஆராய்ச்சி. கடைசியாக அந்த ஓட்டம் நடந்தபோது இவள் வெல்மூத்தின் வயிற்றில் இருந்தாள். புத்தகத்தை நான் முதலிலிருந்து படித்தேன். ஆறாம் பக்கத்தோடு எண்கள் விடைபெற்றுக்கொண்டன. அப்புறம் எல்லாம் கிரேக்க எழுத்து. கடைசி அத்தியாயத்தில் மட்டும் எனக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி: இன்றைய இளம் வயதினர் அந்த ஓட்டத்தைப் பார்க்காமலே கிழமாகிவிடக் கூடும்.

அதோடு விட்டாளா? இங்கே புத்தகத்துக்குள் ஒரு தனித்தாளும் வைக்கிற வழக்கம், அக்கா. பட்டத்துக்கு நிற்பவர் எவரோடும் வாதாடத் தயாராயிருக்கிற கருத்துகளை அதில் வரிசையாக அச்சடிப்பார்கள். கடைசி ஒன்றிரண்டு படிப்புக்குச் சம்பந்தமில்லாமல் வேடிக்கையாக இருக்கலாம். ஊரார் பிள்ளைகள் சைக்கிளைப் பற்றி எழுதுவார்கள், காப்பியைப் பற்றி எழுதுவார்கள். நான் பெற்றது என்னைப் பற்றி எழுதிவிட்டது. பதினொன்றாம் கருத்து: "ஒவ்வொரு நவம்பரிலும் என் தந்தை 'இந்த வருஷம் நிச்சயம் உறையும்' என்கிறார். இருபத்தெட்டு முறையும் உறையவில்லை. ஆகவே அவர் சொல்வதைக் கணிப்பு என்று ஏற்க இயலாது." அச்சில், அக்கா! வழவழ தாளில்! ரொட்டிக்கடை ஊனே அதைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்துவிட்டான். நான் உள்ளே நுழைந்தாலே, "வாங்க பதினொன்னு, வழக்கமான ரொட்டிதானே? இல்ல, அதையும் கணிச்சுச் சொல்றீங்களா?" என்கிறான். முறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் ஹிஸ்கே போனில் கூப்பிடுகிறாள்: "அப்பா, அன்னிக்கு எனக்குப் பக்கத்துணையா ரெண்டு பேர் நிக்கணும். ஒண்ணு என் ஆபீஸ் தோழி. இன்னொண்ணு நீங்க." வாதாடுகிறவருக்குப் பதில் தெரியாவிட்டால் பக்கத்துணை பதில் சொல்லலாம் என்று பழைய சம்பிரதாயம். யாரும் சொன்னதில்லையாம். ஆனாலும் படகு போவதற்காகப் பாலத்தைத் தூக்கி இறக்கி ஓய்வு பெற்றவன் நான். பேராசிரியர்கள் முன்னால் பெண்ணைத் தலைகுனிய வைத்துவிட்டால்? உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே வெல்மூத் எனக்குப் பாடம் கேட்டாள். "சராசரின்னா என்ன?" "உன் சூப்பு. நல்லாவும் இல்ல, மோசமும் இல்ல." அதோடு பாடம் நின்றுபோயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. பின்னால் வால் தொங்குகிற கறுப்புக் கோட்டு போட வேண்டுமென்று சட்டம், வாடகைக்கு எடுத்தோம், கடைக்காரன் என் அளவைப் போனிலேயே கேட்டுக்கொண்டான், நானும் கல்யாணத்தின்போது எடுத்த அளவைச் சொல்லிவிட்டேன், ரயிலில் உட்காரும்போது ஒரு பொத்தான் தெறித்து எதிரில் இருந்த அம்மாளின் காப்பியில் விழுந்தது, வெல்மூத் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள், நான் மூச்சை இழுத்துப் பிடித்தபடியே மண்டபத்துக்குள் ஊர்வலமாகப் போனேன். அங்கி போட்ட பேராசிரியர்கள் எதிரே, நடுவில் ஹிஸ்கே, இந்தப் பக்கம் நான். சும்மா சொல்லக்கூடாது, அக்கா, பிய்த்து உதறினாள்! கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் நுனி நாக்கில். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை, ஆனால் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கடைசியாக, கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்த ஒரு பேராசிரியர் அம்மா அந்தத் தனித்தாளை எடுத்தார்.

"பதினொன்னாம் கருத்துக்கு வருவோம். உங்க அப்பா சொல்றது கணிப்பு இல்லைங்கறீங்க. சரி. அப்போ அது என்ன?"

ஹிஸ்கேவுக்குக் காது சிவந்துவிட்டது. அவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"பெருமதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, இதுக்கு என்கிட்ட தரவு இல்ல. தரவு இதோ பக்கத்துல நிக்குது. அப்பா, நீங்களே சொல்லுங்க."

மண்டபம் மொத்தமும் என்னைப் பார்த்தது. எனக்குப் பதில் தெரியும், அக்கா! அந்த மண்டபத்தில் அந்த ஒரு பதில் எனக்கு மட்டும்தான் தெரியும்! "அது வந்துங்க..." என்று ஆரம்பித்தேன். கதவு திறந்தது. கையில் கோலோடு கட்டியக்கார அம்மாள் நடந்துவந்து தரையில் ஓங்கி ஒரு குத்து குத்தி, நேரம் முடிந்தது என்று லத்தீனில் அறிவித்தார். அந்தக் குத்து விழுந்தால் பாதி வார்த்தையில் இருந்தாலும் வாயை மூட வேண்டும், அதுதான் சட்டம். பாலத்தைத் தூக்கி ஊரையே நடுவழியில் நிறுத்தியவன் நான். என்னையும் ஒருத்தி நிறுத்திவிட்டாள்.

என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? அது ஆசைங்க. எனக்காக இல்ல, நான் அந்த ஓட்டத்துல ஓடியே பாத்தாச்சு. இருட்டுல கிளம்பி, ஊர் ஊரா ஜனங்க கரையில நின்னு பேர் தெரியாதவனுக்கெல்லாம் கத்துறதக் கேட்டாச்சு. என் பொண்ணு அதை ஒரு தடவை பாக்கணும். மூணு மாசம் லேட்டாப் பொறந்துட்டா, பாவம். வேற ஒண்ணுமில்லீங்க.

விருந்தில் பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கேட்டாள். "அப்பா, என்ன சொல்ல வந்தீங்க?"

"கோட்டு இறுக்குதுன்னு சொல்ல வந்தேன்" என்றேன். வாயில் ஆரஞ்சுக் கேக்கு வேறு. அவள் என்னைக் கட்டிக்கொண்டதில் மிச்சமிருந்த பொத்தானும் போயிற்று.

ஆக, அக்கா, நான் திருந்திவிட்டேன். டாக்டர் பட்டத்துக்கு மரியாதை கொடுத்து, இனி உறையும் என்கிற வார்த்தையே என் வாயில் வராது என்று ஊனேயின் கடையிலேயே எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது. அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், அப்பனைப் பற்றி அச்சில் எழுதாத நற்குணத்தோடும் வளர ஆண்டவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
வீப்ரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், போன் அடித்தது. ஹிஸ்கே. "அப்பா, ஜனவரியில லீவு போட்டு வைக்கவா?" "எதுக்கும்மா?" "சும்மாதான்." "உன் புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" "அதை எழுதினவளே நான்தானே, எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லுங்கப்பா. உறையுமா?" வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நிச்சயம் உறையும் என்று சொல்லிவிட்டேன். டாக்டரே கேட்கும்போது நான் என்ன செய்ய? நீயும் அத்தானும் டிக்கெட் போட்டுவிடுங்கள்.