புற்றுக்கு வந்த ஜப்தி நோட்டீஸ்

ஒரு காட்டில், அந்தக் காடு பேரூராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட ஆண்டில், வெள்ளத்தாய் என்றொரு தாய்க்கரையான் இருந்தாள். தரம் உயர்ந்ததில் காட்டுக்குத் தெருவிளக்கு வரவில்லை, சாக்கடை வரவில்லை. வீட்டு வரி மட்டும் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டது. கூட்டுக்கு வரி, குகைக்கு வரி, வளைக்கு வரி. வெள்ளத்தாயின் புற்றுக்கு ஆண்டுக்கு ஒரு காடை முட்டை. அந்தக் காட்டில் முட்டைதான் பணம்.

வெள்ளத்தாய் வரி ஏய்க்கிறவள் அல்ல. வரி என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. தன் அறையை விட்டு அவள் ஒருநாளும் வெளியே வந்ததில்லை. வரவும் முடியாது, வயிறு அவ்வளவு பெரிது. அவளை நடுவில் வைத்துத்தான் பிள்ளைகள் அந்தப் புற்றையே எழுப்பியிருந்தார்கள். புற்று போனால் அவளும் போனாள், அவ்வளவுதான்.

அந்தப் பகுதிக்குப் பில் கலெக்டர், ஓணான் மூக்கையா. நோட்டீஸை வீட்டுக்காரர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், ஆள் வெளியே வராவிட்டால் சுவரில் ஒட்டலாம் என்பது சட்டம். மூக்கையாவுக்குக் கூப்பிட்டுப் பார்க்கும் பொறுமையெல்லாம் கிடையாது. மைதாப் பசையைத் தாராளமாகத் தடவி ஒட்டுவார், திருப்தியாகத் தலையை ஆட்டுவார், போய்விடுவார்.

கரையான் வீட்டுச் சுவரில் காகிதம்! அதுவும் மைதாப் பசையோடு! மூக்கையா முதுகைத் திருப்புவதற்குள் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். நல்ல துண்டாகப் பார்த்து அம்மாவுக்கும் கொண்டுபோய் ஊட்டினார்கள்.

"யாருடா குடுத்தது?"

"கவர்மெண்டும்மா. வீடு தேடி வந்து ஒட்டிட்டுப் போறாங்க."

"மகராசனுங்க, நல்லா இருக்கட்டும்."

வரி கட்டாததால் இரண்டாம் நோட்டீஸ் வந்தது. அதன் பிறகு ஜப்தி நோட்டீஸ். அது கெட்டிக் காகிதம், குடும்பமே இரண்டு வேளை சாப்பிட்டது. ஏலம் முடிகிற நிமிஷம் வரைக்கும் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு என்று அதன் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தது. அந்த உரிமையைக் கடைக்குட்டிகள் தின்றார்கள்.

ஏலத்தன்று செயல் அலுவலர் நரியார் நாற்காலியோடு வந்து புற்றின் முன்னால் உட்கார்ந்தார். வெள்ளத்தாய்க்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. பதறிப்போய் உள்ளே இருந்தபடியே கத்தினாள்.

"ஐயா, எங்களுக்கு யாருமே சொல்லலியே!"

நரியார் நாற்காலியைப் புற்றுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டார். நோட்டீஸ் வந்து சேரவில்லை என்று ஆனால் ஏலம் செல்லாது. மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, சுவத்துல காகிதம் ஒட்டினோமே, அது வந்து சேரலியா?"

வெள்ளத்தாய்க்குப் பொய் சொல்ல வராது. சாப்பிட்ட வீட்டுக்கு நன்றி சொல்லாமல் இருக்கவும் வராது.

"அதுங்களா! வந்துச்சுங்கய்யா. ரொம்ப நல்லா இருந்துச்சு. ரெண்டாவதுல மட்டும் பசை கொஞ்சம் கம்மி."

'பெற்றுக்கொண்டதை உரிமையாளர் ஒப்புக்கொண்டார்' என்று நரியார் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

"ஒரு முட்டைதானேய்யா? நான் தினம் ஆயிரக்கணக்குல போடுறேன். வேணுங்கிறதை அள்ளிக்கங்க!"

"அந்த சைஸ் செல்லாதும்மா."

சாரைப்பாம்பு சங்கிலி ஒரு கூடை நிறைய முட்டை கொடுத்துப் புற்றை ஏலத்தில் எடுத்தான். பாக்கியோ ஒரே முட்டை. பிள்ளைகளில் விவரமானவள் ஒருத்தி நரியாரை மறித்தாள்.

"பாக்கி போக மிச்சம் எங்களுக்குத்தானே சார்?"

"யார் இல்லேன்னது? மிச்சம் வீட்டு உரிமையாளருக்குச் சேர வேண்டியது. உரிமையாளர் கேட்டா இந்த நிமிஷமே குடுத்துருவேன்."

"எங்கம்மாதானே சார் உரிமையாளர்?"

"சித்த முன்னாடி வரைக்கும்," என்று நரியார் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளத்தாய் அன்று அழுத அழுகையில் அறைத் தரை சேறானது. வரி பாக்கி என்றால் வரியை எடுத்துக்கொள்ளட்டும், வீட்டையே விழுங்குவது எந்த ஊர் நியாயம்? கதை கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது. இதோடு முடிந்திருந்தால் 'ஒழுங்காக வரி கட்டு' என்று ஒரு நீதியைச் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம்.

மறுநாள் காலி செய்யச் சொல்லச் சங்கிலி வந்தான். வந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. புற்றின் ஒரு பக்கம் பொலபொலவென்று சரிந்தது. சங்கிலிக்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. அவன் எங்கே மண் பூசுவது? பிள்ளைகள் பழக்கதோஷத்தில் ஓடிவந்து எச்சிலில் மண்ணைக் குழைத்துப் பூசி முடித்தார்கள். சங்கிலி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"யக்கா, நீங்க பாட்டுக்கு இருங்க. வாடகையெல்லாம் வேணாம். இடிஞ்சா பூசிக் குடுத்தாப் போதும்."

இத்தனை காலமும் அவர்கள் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள்? வெள்ளத்தாய் அதே அறையில் அதே இடத்தில் படுத்திருந்தாள். வரி மட்டும் இப்போது சங்கிலி பாடு.

அடுத்த ஆண்டு மூக்கையா வந்தார், ஒட்டினார், தலையை ஆட்டினார், போனார். சங்கிலி இரை தேடிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் சுவர் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நரியார் நாற்காலியோடு வந்து உட்கார்ந்த அன்று அவன் சீறினான்.

"எனக்கு ஒரு நோட்டீஸும் வரலை!"

வீட்டில் குடியிருப்பவர் கையில் சேர்ந்தாலும் செல்லும் என்று சொல்லிவிட்டு நரியார் உள்ளே பார்த்துக் கேட்டார். "ஏம்மா, வந்துச்சா?"

"வந்துச்சுங்கய்யா. இந்தத் தடவை பசை சரியா இருந்துச்சு."

சங்கிலி புலம்பிக்கொண்டே ஊர்ந்து போனான். வெள்ளத்தாய் அவனுக்காகக் கொஞ்ச நேரம் உண்மையாகவே வருத்தப்பட்டாள், பிறகு தூங்கிப்போனாள். புற்றைக் கீரிப்பிள்ளை ஒருவன் எடுத்தான். வாடகை கேட்காமலே வீட்டைப் பராமரிக்கிற குடும்பம் கிடைத்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் வெளியே போயிருக்கும்போது நோட்டீஸ் ஏதாச்சும் வந்தா எடுத்து வையுங்கம்மா."

வெள்ளத்தாய் யோசித்தாள். நல்ல பிள்ளையாகத் தெரிந்ததால் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"பசை காயறதுக்குள்ள வந்துருங்க தம்பி. அப்புறம் நாங்க பொறுப்பில்ல."

நீதி: கட்டிய வீட்டில் கடைசி வரை நிம்மதியாகக் குடியிருக்க விரும்புகிறவர், அதன் சொந்தக்காரர் வேறு யாராவதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.