வராத அரண்மனை

மூன்று மணி ஆகியும் அரண்மனை வந்து சேரவில்லை. ஐந்து மணிக்குக் காட்சி. லாரி ஓட்டுநர் போனையும் எடுக்கவில்லை.

ஊர் ஊராகப் போய் ஆடும் அந்த பாலே நடனக் குழுவின் மேடைப் பொறுப்பாளர் கையில் எப்போதும் ஒரு சுத்தியல் இருக்கும். அதனால் எல்லோருக்கும் அவர் சுத்தியல் அக்கா. பழைய இளவரசி கதையைப் புத்தம் புதிதாக மேடையேற்றுகிறோம் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியாயிற்று. புதிது என்றால் முதலாளியின் மச்சான் கட்டிய அட்டை அரண்மனைதான். பன்னிரண்டு தூண், வளைந்த மாடிப்படி. ஒத்திகையில் இளவரசன் சுற்றுக்கு ஒரு தூணில் முட்டிக்கொண்டான். ஆனால் மச்சான், முதலாளியம்மாவின் ஒரே தம்பி. யார் வாய் திறப்பது?

அக்கா முதலாளிக்குப் போன் போட்டார். பக்கத்தில் முதலாளியம்மாவின் குரலும் கேட்டது.

"அரண்மனை இல்லாம திரையைத் தூக்கினே, நாளையில இருந்து வேலைக்கு வராதே" என்று மனிதர் காது கிழியக் கத்தினார்.

இருபது வருஷ வேலை. அக்கா விடுதியிலிருந்து படுக்கை விரிப்புகளை அள்ளிவரச் செய்து, நீலச் சாயத்தில் தானே ஓர் அரண்மனை வரைந்தார். சாயம் காயவில்லை. பெரிய மின்விசிறியைத் திருப்பி வைத்தார். விரிப்புகள் படபடத்து மேடை முழுக்க நீலம் தெளித்தன. ஈரத்துணியால் துடைத்தார், மேடையில் விரித்திருந்த தரைவிரிப்பு வழுக்கியது. கால் வழுக்காமலிருக்க நடனக்காரர்கள் காலணியில் துளி தொட்டுக்கொள்ளும் பிசின் தூள் ஒரு பெட்டி இருந்தது. அக்கா அதை மொத்தமாகக் கொட்டினார். இளவரசன் ஓடிவந்து தாவினான். அவன் மட்டும் போனான். காலணி இரண்டும் தரையிலேயே நின்றன.

"அக்கா, நாங்க மேடை கேட்டோம். பசை டப்பா கேக்கலையே" என்றான்.

இன்னும் இருபது நிமிஷம். அக்கா விரிப்புகளைப் பிடுங்கி எறிந்து, ஒட்டிய தரைவிரிப்பைச் சுருட்டி ஓரம் தள்ளினார். மிஞ்சியது பலகைத் தரை, வெறும் சுவர், ஓர் ஏணி.

"இளவரசி, ஏணியில ஏறி நில்லும்மா. அதுதான் மாடம். போறது என் வேலைதானே, போகட்டும். நீங்க நல்லா ஆடுங்க."

திரை உயர்ந்தது. முட்டிக்கொள்ள ஒரு தூணும் இல்லாத மேடையில் இளவரசன் பறந்தான். இருபது பெண்கள் சேர்ந்து சுழன்றபோது கடைசி வரிசைக்காரர்கள்கூட எழுந்துவிட்டார்கள். இளவரசி ஏணியிலிருந்து கை நீட்டியதும் அரங்கமே மூக்கை உறிஞ்சியது. கைதட்டலுக்காக ஆறு முறை திரையைத் தூக்க வேண்டியிருந்தது. ஆறு முறையும் அக்கா அழுதுகொண்டேதான் கயிற்றை இழுத்தார். பிறகு நடனக்காரர்கள் அவரையே மேடை நடுவில் இழுத்து நிறுத்த, முன்வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த முதலாளி ஓடிவந்து, இந்தப் புதுமைக்கு இவர்தான் காரணம் என்று ஊரறியச் சொன்னார். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே வந்தால், பின்வாசலில் லாரி நின்றது. அக்கா சுத்தியலோடு பாய்ந்து, எங்கே தொலைந்தாய் என்று கேட்டார். ஓட்டுநர் சாவகாசமாக இறங்கினார்.

"எங்கேயும் தொலையலைம்மா, காலையில இருந்து அடுத்த தெருவுலதான் நிக்கிறேன். மச்சான் அரண்மனை வேண்டாம்னு வீட்டுல சொல்ல முதலாளிக்குத் தைரியம் இல்லையாம். கைதட்டல் கேட்டப்புறம் வண்டியை எடுன்னு சொல்லிட்டாரு."