ஐந்தரைக் கட்டை வண்டி

ஷோபனா டீச்சரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அண்ணனூர் ரயில் நிலையத்தில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். வேப்பம்பட்டு போகும் வண்டிக்காக நின்றிருந்தார். எதிர்ப் பாதையில் ஷெட்டுக்குப் போகிற காலி வண்டி ஒன்று ஊதிவிட்டுப் போனது.

"கேட்டீங்களா சார்? சுருதி கால் கட்டை இறங்கியிருக்கு. மழைக்காலம் இல்லையா, அதுக்கும் தொண்டை கட்டிக்கிச்சு போல." பிறகு வழக்கம்போலக் கேட்டார்: "சாவி கொண்டுவந்தீங்களா?"

"உத்தரவு வரலையே டீச்சர்," என்றேன், வழக்கம்போல.

சிரித்துக்கொண்டே பெண்கள் பெட்டியில் ஏறிப் போனார். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

எதன் சாவி என்று சொல்லிவிடுகிறேன்.

ரயில் பாதையை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில் நான் இளநிலை உதவியாளர். மாணவிகளின் பன்முகத் திறனை மேம்படுத்தும் பொருட்டு எல்லாப் பள்ளிகளிலும் இசை மன்றம் தொடங்க வேண்டுமென்று உத்தரவு வந்தது. கூடவே ஒரு மின்சாரச் சுருதிப் பெட்டியும் வந்தது. பாடுகிறவர்கள் சுருதி விலகாமலிருக்க, விடாமல் 'ஙொய்' என்று ஒலிக்கிற சின்னப் பெட்டி. தலைமையாசிரியை ரேவதி மேடம் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, எண் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். பூட்டினேன். சாவிப் பொறுப்பாளர் நான்.

மறுநாள் ஷோபனா டீச்சர் பெட்டி கேட்டு வந்தார். அவர் பகுதி நேர இசை ஆசிரியை. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை.

"உடைஞ்சா யார் பதில் சொல்றது?" என்றார் மேடம்.

"பாடினா உடையுமா மேடம்?"

"உடையாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கிறேன்."

"நீங்க பகுதி நேரம். நீங்க எழுதிக் குடுத்தா அதுவும் பகுதி நேரம்தான் செல்லும். மத்தியானத்துக்கு மேல உடைஞ்சா?"

செல்போனில் சுருதி வைக்கலாமே என்றார் டீச்சர். வளாகத்துக்குள் செல்போன் கூடாது என்று வேறொரு உத்தரவு இருந்தது.

எனவே டீச்சர் வகுப்பை ஜன்னலோரம் மாற்றிக்கொண்டார். ஷெட்டுக்குப் போகிற காலி வண்டி சரியாக ஐந்தரைக் கட்டையில் ஊதும். பெண் குரலுக்குப் பொருத்தமான சுருதி. எக்ஸ்பிரஸ் ஊதினால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அது ரொம்ப உச்சம். சரக்கு வண்டி ஆண்களுக்கு. இசை மன்றக் கால அட்டவணை என்று பலகையில் ஒட்டியிருந்தது ரயில்வே கால அட்டவணைதான். சிக்னல் கோளாறு என்றால் அன்று சங்கீதம் கிடையாது.

இப்படி ஒன்றரை வருடம். எட்டுப் பெண்கள் நன்றாகவே பாடினார்கள்.

அப்புறம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வட்டாரப் போட்டியில் பரிசு பெறாத இசை மன்றங்கள் கைவினை மன்றத்தோடு இணைக்கப்படும். இசை ஆசிரியர் விடுவிக்கப்படுவார். போட்டி பூந்தமல்லியில்.

டீச்சர் ஓடி வந்தார். "மேடம், அங்க ரயிலே கிடையாது! ஒரு நாளைக்குப் பெட்டியைக் குடுங்க. என் வேலையே போயிடும்."

"பெட்டி வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது."

"அது பீரோவை விட்டே வெளியே போனதில்லையே!"

"அதனாலதான் இன்னிக்கும் புதுசா இருக்கு," என்ற மேடம் என் பக்கம் திரும்பினார். "சாவி பத்திரமா?"

"பத்திரம் மேடம்."

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர் நிரந்தரப் பணியாளராக இருக்க வேண்டும் என்பதால், சங்கீதம் அறியாத நான் பொறுப்பாளனாகப் போனேன். டீச்சர் பார்வையாளராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

எட்டுப் பேரும் மேடையேறி நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

நடுவராக வந்திருந்த ஜெயராமன் என்ற அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, பாடலையா?"

"வண்டி இன்னும் வரல சார்," என்றாள் பவ்யா, முன்வரிசைப் பெண்.

"எந்த வண்டி?"

"ஷெட்டு வண்டி சார்."

பின்னால் ஒருத்தி கிசுகிசுத்தது ஒலிபெருக்கியில் அரங்கம் முழுக்கக் கேட்டது: "இன்னாடி பண்றது? இங்க பஸ்ஸுதான் கீது!"

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு தனியார் பஸ் ஊதியது. ஒரே அமுக்கில் எட்டு ஸ்வரம் பாடுகிற ஹாரன். வந்ததை விடக்கூடாது என்று எட்டுப் பெண்களும் ஆளுக்கொரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். அது சங்கீதமில்லை என்று எனக்கே தெரிந்தது. டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனால் ஜெயராமன் கண்களை மூடியிருந்தார். முந்தின வாரம்தான் புத்தாக்க இசை பற்றி மூன்று நாள் பயிற்சி முடித்து வந்திருந்தார். பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று, "ஃப்யூஷன்!" என்றார். மற்ற இரண்டு நடுவர்களுக்கும் அது தெரியவில்லை. தெரியாதது தெரியக்கூடாது என்று அவர்களும் எழுந்து நின்றார்கள்.

முதல் பரிசு.

டீச்சர் வேலை தப்பியது. பெட்டிதான் பீரோவிலிருந்து தப்பவில்லை. அடுத்த மாதமே 'சூழல்சார் சுருதித் திட்டம்' வந்துவிட்டது. இனி செயற்கைக் கருவிகளைத் தவிர்த்து, சுற்றுப்புற ஒலியிலிருந்தே சுருதி சேர்க்க வேண்டும். நாங்கள் முன்மாதிரிப் பள்ளி. ஒரு பள்ளி சத்துணவுக்கூட மிக்சியைப் பிடித்துக்கொண்டது. ஏரிக்கரைப் பள்ளி ஒன்று, தங்களிடம் தவளைகள் மட்டுமே உள்ளன என்று எழுதியது. மழைக்காலத்தில் மட்டும் மன்றத்தை நடத்துமாறு பதில் வந்தது.

"இப்போ பெட்டியை எடுத்தா உத்தரவை மீறினதா ஆயிடும்," என்றார் மேடம்.

அதற்குப் பிறகும் டீச்சர் என்னிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு நாள் சார். பிள்ளைங்க நிஜ சுருதி எப்படி இருக்கும்னு கேக்கட்டும்."

அவருக்கான இரங்கல் கூட்டத்துக்கு ஜெயராமன் வந்து இரண்டு நிமிட மௌனம் அறிவித்தார். இரண்டாவது நிமிடத்தில் ஷெட்டு வண்டி ஊதியது. எட்டுப் பெண்களும் ஐந்தரைக் கட்டையில், ஒரே குரலாக, பாட ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. மௌனம் கலைந்ததற்கு மறுநாள் விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஓய்வு பெறும் நாளில், ஒப்படைப்பதற்காக இருப்புப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மூன்றாவது விதி: ஒரு நாள் உபயோகத்துக்குப் பொருளை வழங்க மேலிட உத்தரவு தேவையில்லை, சாவிப் பொறுப்பாளரே வழங்கலாம்.

எனக்குப் பதிலாக இன்னும் ஆள் போடவில்லை. பெட்டி பீரோவில் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். சாவி என் வீட்டு ஆணியில் இருக்கிறது.