விசாரித்த வரையில்

“தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. நீங்க யாரைக் கொல்லப் போறீங்க?” என்று கல்யாணத் தரகர் சங்கரன் போனில் கேட்டபோது சக்திவேல் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

நுரையைத் துப்பிவிட்டு, அப்படி ஒரு உத்தேசம் இல்லை என்றான். சங்கரன் சமாதானமாகவில்லை.

விஷயம் இதுதான். தி. நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரை, தன் மகள் ஷண்முகப்ரியாவுக்குச் சக்திவேலைப் பார்த்திருந்தார். பார்த்திருந்தார் என்றால் ஜாதகத்தை. ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளனுப்பி விசாரிப்பது அவர் வழக்கம். இதுவரை பதினோரு வரன்களை முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பியிருக்கிறார். இந்த முறை பெசன்ட் நகருக்கு வந்தவர் கடை மேனேஜர். விவரமான மனுஷர். ஒரு வீட்டுக் கதவையும் தட்டாமல், நேரே தெருமுனையில் துணி தேய்க்கும் முத்துலட்சுமியிடம் போய்விட்டார்.

அந்தம்மா சொல்லிவிட்டாள். “ஞாயித்துக்கெழம ஆனா மூணு பேரு கூடிக்கினு, இன்னிக்கு யாரு சாகணும்னு பேசிக்கினு கீறாங்க.”

அதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் சங்கடம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஆபீசில் வாரம் முழுக்க இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிற சக்திவேலுக்கு, ஞாயிறு மத்தியானம் வேறு வேலை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு அது. கதையை நடத்துவது அவன். இன்னும் முந்நூறு வருஷம் கழித்து ஒரு நகரம். பூமிக்கு அடியில் இருக்கிறது, வெயில் என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது, மூச்சுவிடுகிற காற்றுக்கும் ரேஷன். யாரோ அந்தக் காற்றைத் திருடுகிறார்கள். தினம் ஒரு வீடு மூச்சடைத்துச் சாகிறது. ஆபீஸ் நண்பன் ராம்குமாரும், பல் டாக்டர் தஹ்சீனும் துப்பறிகிறவர்கள். அவர்கள் செய்ய நினைப்பது பலிக்குமா என்று தாயக்கட்டை சொல்லும். ஐந்து மாதமாகியும் வில்லன் அகப்படவில்லை. சக்திவேலுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பெண் வீட்டுக்குத் தானே போன் போட்டு விளக்கிவிடட்டுமா என்று கேட்டான்.

“வேண்டவே வேண்டாம். பையனே கூப்பிட்டு, நான் கொலைகாரன் இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” என்றார் சங்கரன். வெள்ளைத்துரை இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். அடுத்த வாரம் மச்சானை அனுப்பி மறுபடி விசாரிக்கப் போகிறாராம். அதற்குள் சொல்கிற வாயைச் சரி பண்ணு என்பது அவர் யோசனை.

சக்திவேலுக்கு இது போனால் போகட்டும் என்று விடுகிற வரன் இல்லை. ஷண்முகப்ரியாவோடு ஒரே ஒரு தடவை, பெரியவர்கள் சம்மதத்தோடு, இருபது நிமிஷம் போனில் பேசியிருந்தான். அவள் நிறையக் கேள்வி கேட்டாள், பதிலை முழுசாகக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு, துணி துவைப்பேன் என்று சொல்லிவைத்தான். போனை வைத்த பிறகு, வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணச் சொன்ன நாட்டில், ஒரே ஒரு உண்மையால் கல்யாணம் நின்றுவிடும் போலிருந்தது.

முத்துலட்சுமியிடம் போய், கொலையெல்லாம் கதையில்தான் என்று பொறுமையாக விளக்கினான். நம்பட்டும் என்று சட்டைப்பையிலிருந்து தாயக்கட்டையை எடுத்தும் காட்டினான். அவள் துணியைத் தேய்த்தபடியே தலையாட்டினாள்.

அடுத்த புதன்கிழமை சங்கரனின் குரல் இறங்கியிருந்தது. மச்சான் வந்து விசாரித்துவிட்டுப் போயாயிற்று. பையன் சூதாடுகிறான், கட்டையைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறான் என்று சேதி.

இந்த முறை சக்திவேல் அடியோடு மாற்றினான். தாயக்கட்டையை அலமாரியில் பூட்டினான். குரல் தெருவுக்குப் போகாதபடி ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்தான். உள்ளே ஒரே இருட்டு. நகரமும் இருட்டுதானே, பொருத்தமாக இருக்கிறது என்று தஹ்சீன் நடுவில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். சக்திவேல் அடித்தொண்டையில் வில்லன் மாதிரிப் பேச, மற்ற இருவரும் பயபக்தியோடு கேள்வி கேட்டார்கள். தேய்த்த துணியைக் கொடுக்க வந்த முத்துலட்சுமி வாசலில் நின்று நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை சங்கரன் அழாத குறை. இந்தத் தடவை வந்து விசாரித்தவர் கடைக் கணக்கப்பிள்ளையாம். “சாமியாராமே நீங்க? கதவைச் சாத்திக்கிட்டு குறி சொல்றீங்களாமே? நான் முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் தம்பி.”

பூமிக்கு அடியில் ஒரு நகரத்தையே கட்டி, அதில் நாற்பது பேருக்குப் பெயரும் குணமும் கொடுத்தவன், தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வரி சொல்லவைக்க வழி தெரியாமல் இருந்தான். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்த பிறகு ஒரு நிம்மதி வந்தது. மறுநாள் ஜன்னலைத் திறந்துவைத்து, தாயக்கட்டையை எடுத்து மேஜைமேல் போட்டான்.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது அழைப்புமணி அடித்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. வெள்ளைத்துரை நேரிலேயே வந்திருந்தார்.

அவர் தாயக்கட்டையைப் பார்த்தார். பாதி எரிந்த மெழுகுவத்தியைப் பார்த்தார். ‘இன்று சாக வேண்டியவர்கள்’ என்று தலைப்பிட்ட தாளையும் பார்த்தார். சக்திவேல் எதையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னான். ஆபீசில் என்னிடம் யாரும் கதை கேட்பதில்லை, இங்கே இரண்டு பேர் கேட்கிறார்கள், அதனால் இதை விட முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

“ஆடுங்க, பாக்கேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கால் மணி நேரம் ஆட்டத்தைக் கவனித்தார். பிறகு பொறுக்க முடியாமல், அந்த ஊரில் துணி தேய்க்கிறவர் யார் என்று கேட்டார். முந்நூறு வருஷம் கழித்து யாரும் துணி தேய்ப்பதில்லை என்றான் ராம்குமார். துணி உடுத்துகிறார்கள் அல்லவா, அப்படியானால் தேய்க்க ஆளும் இருக்கும் என்றார் அவர். ஜவுளிக்கடைக்காரரோடு இதில் வாதாட முடியுமா? சக்திவேல் அவசரமாகத் துணி தேய்க்கும் கிழவர் ஒருவரை அந்த நகரத்தில் குடிவைக்க வேண்டியதாயிற்று.

வெள்ளைத்துரை கிழவரை நேரே பார்த்துக் கேட்டார். “அய்யா, இந்த ஊருல ஒருத்தர்கூடக் குறை சொல்லாத ஆளு யாரு?”

சக்திவேல் வசமாக மாட்டிக்கொண்டான். ஏழைகளுக்கு இலவசமாக மூச்சுக்கவசம் கொடுக்கிற வைத்தியர் ஒருவர் உண்டு, அவரை எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று கிழவர் குரலில் சொன்னான்.

“அவன்தான். பிடிங்க.”

அவன்தான். கவசத்தின் வழியாகத்தான் காற்று களவு போய்க்கொண்டிருந்தது. ஐந்து மாத மர்மம் பத்து நிமிஷத்தில் உடைந்தது. தஹ்சீன் வாய்விட்டுச் சிரித்தாள். சக்திவேலுக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை.

வெள்ளைத்துரை எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். “பதினோரு பயலுவளையும் ஊரே நல்லவன்னுதான் சொல்லுச்சு. நான் நம்பல. சரக்கு கொண்டாறவன் ரொம்பப் புகழ்ந்தா நான் எடுக்கதில்ல. ஓரத்துல ஒரு இழை விட்டுருக்குன்னு சொன்னாத்தான் கையால தொட்டுப் பாப்பேன். உங்களப் பத்தி ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்த சொல்லல தம்பி. அதான் நானே வந்தேன்.” வாசல்வரை போனவர் திரும்பி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீர்கள் என்று விசாரித்தார். வரும்போது மகளையும் அழைத்துவருவதாகச் சொன்னார்.

அவரைக் காரில் ஏற்றிவிட்டு, சக்திவேல் நேரே முத்துலட்சுமியின் வண்டிக்கு நடந்தான். கோபம் பாதி, நன்றி பாதி. கல்யாணம் நிச்சயமான மாதிரிதான், ஆனால் மூன்று தடவையும் ஏனம்மா அப்படிச் சொன்னாய் என்று கேட்டான்.

அவள் தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“நானா சொன்னேன் நைனா? ‘கொலைன்னா எங்க மாமாவை அனுப்புவாரு, சூதாட்டம்னா கணக்கப்பிள்ளையை அனுப்புவாரு, சாமியாருன்னு சொன்னாத்தான் எங்கப்பா நேர்ல கெளம்பி வருவாரு’ன்னு, மேனேஜரு வர்றதுக்கு முந்தியே தனியா வந்து உன்ன விசாரிச்சுக்கினு, எனக்கு வரிசையா சொல்லிக் குடுத்துட்டுப் போச்சே அந்தப் பொண்ணு.”