தேசம்மா அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் எழுதிய மூன்று விமர்சனங்கள்

முதலில் மன்னிப்பு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளை எடை போட்டுச் சீட்டு கிழித்துக் கொடுப்பவன், கட்டுரை எழுத வந்தது தப்புதான். அதிலும் நான் வாயைத் திறந்து பேசுகிற ஆளே இல்லை. கல்யாணப் பந்தியில் பாயசம் என் இலையைத் தாண்டிப் போனால் போனதுதான். கூப்பிட மாட்டேன். ஓட்டலில் சர்வர் தானாக வந்து என்ன வேணும் என்று கேட்டால் உண்டு, இல்லையென்றால் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். (இரண்டு தடவை அப்படி வந்திருக்கிறேன். ஒரு தடவை டிப்ஸ் வைத்துவிட்டு வந்தேன்.) இப்படிப்பட்டவன் ஃபேஸ்புக்கில் மொத்தமே மூன்று தடவைதான் எழுதியிருக்கிறேன். மூன்றும் ஒரே வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி. நாலு நாளைக்குள் மூன்று. அதனால் நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் தேடிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

என் மகள்தான் என்னை அந்த சாப்பாட்டுப் பிரியர்கள் குழுவில் சேர்த்துவிட்டாள். எங்கே என்ன சாப்பிட்டோம், எது நல்லா இருந்தது என்று ஆளாளுக்குப் படம் போட்டு எழுதுவார்கள். எனக்கு ஒரு புனைபெயரும் அவளே வைத்தாள். வடசென்னை வாயாடி. (அப்பாவைக் கிண்டல் பண்ண வேண்டுமென்றால் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) படத்துக்கு ஒரு வஞ்சிரம் வறுவல். ஒன்றரை வருஷம் நான் அதில் படித்ததோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர், வடசென்னையில் சாப்பிட நல்ல இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்களைப் படித்தேன். ‘மாஸ்க் போட்டுக்கொண்டு போங்க’ என்கிறார் ஒருவர். ‘பாரிமுனையிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள், அதற்கு மேலே லாரியும் தூசியும்தான்’ என்கிறார் இன்னொருவர். ஒரு அம்மா சிரிக்கிற பொம்மையாக எட்டு போட்டிருந்தார். அவர்கள் வீட்டுக்குக் கம்பி போகிறது, கரண்ட் போகிறது, மீன் போகிறது. எல்லாம் எங்கள் பக்கத்திலிருந்துதான். நாங்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டு தூசி தின்கிறோமா?

அந்தக் கோபத்தில்தான் தேசம்மா அக்காவைப் பற்றி எழுதினேன்.

தேசம்மா அக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறார். மதியம் இருபத்திரண்டு பேருக்குச் சமைப்பார். லோடுமேன், கேஸ் கட்டிங்கில் இரும்பு வெட்டுபவர்கள், கிரேன் ஓட்டும் டில்லி, நான். போர்டு கிடையாது, பெயர் கிடையாது. வாசலில் ஒரு இரும்பு அலமாரி. அதில் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, பெயர் வெட்டியிருக்கும். எல்லாத் தட்டும் கவிழ்ந்திருக்கும். காலையில் வேலைக்குப் போகும்போது எட்டு மணிக்குள் உங்கள் தட்டை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போக வேண்டும். மதியம் சாப்பிட வருகிறேன் என்று அர்த்தம். அக்கா எட்டு மணிக்கு வெளியே வந்து நிமிர்ந்த தட்டுகளை எண்ணிவிட்டு அரிசி களைவார். ஒரு கைப்பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாயைத் திறக்காமலே சாப்பாடு சொல்லிவிடலாம். என்னைப் போன்ற ஆளுக்கு இந்த உலகத்தில் இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. பதினோரு வருஷமாக என் தட்டு அங்கேதான் இருக்கிறது. அது போனால் எனக்கு மதியச் சோறு இல்லை என்றே அர்த்தம்.

நான் எழுதியதில் எதுவும் பொய் இல்லை. காரப்பொடி மீன் குழம்பைப் பற்றி எழுதினேன். சுறா புட்டைப் பற்றி எழுதினேன். பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, மூன்றாவது வீடு என்று வழி எழுதினேன். ‘வாசலில் அலமாரியில் தட்டு இருக்கும். எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்’ என்றும் எழுதினேன். காலையில் தட்டை நிமிர்த்துகிற விஷயத்தை மட்டும் எழுதவில்லை. மறைக்க நினைக்கவில்லை. சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும் என்று யாராவது எழுதுவார்களா? அந்த மாதிரி, எனக்குத் தோன்றவே இல்லை.

கூடவே குழுவில் ஒரு விதி உண்டு. ஒரு குறையாவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் விளம்பரம் என்று நீக்கிவிடுவார்கள். யோசித்து யோசித்து ஒன்று எழுதினேன். ‘செவ்வாய்க்கிழமை ரசத்தில் உப்பு குறைவு.’ அக்காவுக்குச் செவ்வாய் விரதம். ருசி பார்க்க மாட்டார். பதினோரு வருஷமாக இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டைப் பையில் ஒரு காகிதத்தில் உப்பு மடித்து எடுத்துப் போவேன்.

புதன்கிழமை ஏதோ அரசு விடுமுறை. இரும்பு மார்க்கெட்டுக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு டிரெய்லர் எடை மேடையில் ஏறி நின்றுவிட்டதால் நான் சாப்பிடக் கிளம்பவே ஒண்ணேகால் ஆகிவிட்டது. சந்துக்குள் திரும்பினால் மூன்று கார். எங்கள் சந்தில் ஒரு ஆட்டோ நுழைந்தாலே எதிரே வருகிறவர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நிற்க வேண்டும். அக்கா வாசலில் விலை உயர்ந்த செருப்புகள் ஒரு குவியல். அலமாரியில் ஆறு தட்டுதான் மிச்சம்.

எட்டிப் பார்த்தேன். கூடத்தில் எங்கள் பாயில் பதினாறு பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தட்டுகளில். நாலு பேர் செல்போனில் குழம்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒவ்வொரு தட்டுலயும் ஒரு பேர் போட்டு வெச்சிருக்காங்க பாருங்க ஃப்ரெண்ட்ஸ், செம கான்செப்ட்” என்று ரோஸ் கலர் சட்டை போட்ட ஒரு தம்பி போனைப் பார்த்துப் பேசினான். அவன்தான் குழுவின் அட்மின். அவன் தூக்கிக் காட்டிய தட்டில் ‘சேகர்’ என்று இருந்தது. சேகர் நான்தான்.

அக்கா செய்த வேலை அதைவிட மோசம். கேமராவும் கையுமாகப் பதினாறு பேர் வந்து உட்கார்ந்ததும், கார்ப்பரேஷனிலிருந்து சோதனைக்கு வந்துவிட்டார்கள் என்று நடுங்கிப்போய்விட்டார். “சாப்புடுங்க சார், எல்லாம் சுத்தமாத்தான் கீது சார். தண்ணி காய வெச்ச தண்ணி சார்” என்று கும்பிட்டுக் கும்பிட்டு இருபத்திரண்டு பேர் சோற்றையும் அவர்கள் தட்டில் கொட்டிவிட்டார். அவர்களோ, “என்ன ஒரு உபசரிப்பு!” என்று கண் கலங்கிக்கொண்டிருந்தார்கள்.

என் பின்னாலேயே டில்லி வந்தான். கூட ஐந்தாறு பேர், கிரீஸ் கையோடு.

“அலோ, இன்னாபா இது? அது என் தட்டு.”

கண்ணாடி போட்ட ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். “ஓ, நீங்கதான் டில்லியா? உங்க தட்டு ரொம்ப ராசிங்க, எனக்கு ரெண்டு மீன் வந்துச்சு.”

“அந்த ரெண்டு மீனுந்தாம்மா என்து!” என்றான் டில்லி. “யக்கா, இன்னா யக்கா நடக்குது இங்க? யார் இவங்கள்லாம்?”

“வாய மூட்றா, ஆபீசருங்க!” என்று அக்கா பல்லைக் கடித்தார்.

“ஆபீசர்லாம் இல்லம்மா” என்றான் ரோஸ் சட்டை. “நாங்க ஃபுட் குரூப். உங்களப் பத்தி ஒருத்தர் சூப்பரா எழுதியிருந்தார், அதான் வந்தோம்.”

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். “எழுதுனானா? எவன்?”

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். வாழ்க்கையில் என்றைக்கும் சத்தம் போடாத நான், அன்றைக்குத்தான் எல்லோரையும் முந்திக்கொண்டு சத்தம் போட்டேன்.

“எவன்டா அந்த அறிவுகெட்டவன்? அவனுக்கெல்லாம் சோறு ஒரு கேடா?”

டில்லி ஆச்சரியமாக என்னைத் திரும்பிப் பார்த்தான். “அப்டி கேளு மாமு!” என்றான். அவன் அப்படிப் பாராட்டியதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. “நம்ம வூட்டுக் கதவ ஊருக்கே தொறந்துவுட்டுக்கீறான்! அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா...” என்று கையை வேறு ஓங்கிவிட்டேன்.

“ஐயோ, அவர் நல்லபடியாத்தாங்க எழுதியிருக்கார்” என்று ரோஸ் சட்டை போனை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். காரப்பொடி வந்தது. சுறா புட்டு வந்தது. அக்காவின் முகம் மெல்ல மலர்ந்தது. கரண்டி கீழே இறங்கியது. தப்பித்தேன் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அந்தப் பாவி கடைசி வரியையும் படித்தான்.

“செவ்வாய்க்கிழமை ரசத்தில் உப்பு குறைவு.”

மீனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்துவிட்டார்கள்.

“உப்பு கம்மியா?” என்றார் அக்கா. “ஏன்டா டில்லி, உப்பு கம்மியா?”

“சேச்சே, சூப்பரா இருக்கும் யக்கா.” (டில்லி வெற்றிலை போடுகிறவன். அவனுக்கு உப்பும் ஒன்றுதான், சுண்ணாம்பும் ஒன்றுதான்.)

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

“செவ்வாக்கெழம ஆச்சினா ஜோப்புல காயிதம் மடிச்சி எடுத்தாந்து, சொவுத்தப் பாத்து திரும்பி உக்காந்துகினு துன்றது யாரு சேகரு? ஏதோ விபூதின்னு நெனச்சிகினு இருந்தேன் நானு.”

என் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது. அதற்குள் ரோஸ் சட்டை எழுந்து ஓடி வந்தான். “அண்ணே! நீங்கதான் வாயாடியா? ஒரு செல்ஃபி!” என்று குழம்புக் கையோடு என் தோளில் கை போட்டு எடுத்தும்விட்டான். அந்தப் படத்தில் பின்னால் டில்லி என்னைப் பார்க்கிற பார்வையை நீங்கள் பார்க்க வேண்டும்.

அவர்கள் போன பிறகு, பட்டறை ஆட்களும் கிரேன் ஆட்களும் டீக்கடை பன்னைத் தின்றார்கள். நான் எதுவும் தின்னவில்லை. அக்கா பதினாறு தட்டையும் கழுவிப் பதினைந்தை அலமாரியில் கவிழ்த்தார். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஒரு கொற இருந்தா என்னாண்ட சொல்லணும் நைனா. ஊர்ல சொல்லிட்டு என்னாண்ட வந்து சிரிக்கக் கூடாது. இனிமே ஒருத்தன் வரக்கூடாது இங்க. நீ எழுதுனத நீயே சரி பண்ணு. அது வரிக்கும் இது உள்ள இருக்கட்டும்.”

என் தட்டு வீட்டுக்குள் போனது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நான் என்ன திருடினேனா? நல்லது சொன்னேன். எங்கள் பக்கத்து மானத்தைக் காப்பாற்றினேன். ஆனாலும் எடை மேடைக்குத் திரும்பியதும், இரண்டு லாரிக்கு நடுவில் இரண்டாவது விமர்சனத்தை எழுதினேன். ‘அது கடை இல்லை. வீடு. காலையில் சொன்னவர்களுக்கு மட்டும்தான் சோறு. தயவுசெய்து யாரும் போக வேண்டாம்.’

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் குழுவே கொண்டாடிக்கொண்டிருந்தது. ‘வீட்டுச் சாப்பாடா! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்!’ ‘காலையில் யாரிடம் சொல்ல வேண்டும், நம்பர் ப்ளீஸ்.’ ‘வரும் ஞாயிறு குடும்பத்தோடு போகிறோம்.’ போகாதே என்றுதானே எழுதினேன்? இவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தார்கள்?

சாயந்திரம் வீட்டில் மகள் சொன்னாள். “சாப்பாடு சுமார்னு ஒரு வார்த்தை போடுப்பா. ஒருத்தரும் வர மாட்டாங்க.”

அந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. காரப்பொடி குழம்பு நாக்கிலேயே நின்றது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். ‘யோசித்துப் பார்த்தேன். உண்மையில் சாப்பாடு சுமார்தான்.’

என் முதல் விமர்சனத்தை விரும்பியவர்களைவிட மூன்று மடங்கு பேர் இதை விரும்பினார்கள். ‘நேர்மையான பதிவு’ என்று ஒருவர். ‘எனக்கு அப்பவே சந்தேகம்’ என்று ஒருவர், அவர் வரவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ரோஸ் சட்டை எழுதியிருந்தான்: ‘கரெக்ட் ப்ரோ. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.’ என் தட்டில், என் பங்குச் சோற்றை, மூன்று தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, விரலைச் சூப்பியவன் அவன். போனை எடுத்து எறியலாம் என்று இருந்தது. தவணை பாக்கி இருந்ததால் எறியவில்லை.

ஏழு மணிக்கு டில்லி போன் செய்தான். “மாமு, நீ எழுதுனத யக்காவுக்குப் படிச்சிக் காட்னேன்.”

“எத?”

“சுமார்னு எழுதிக்கீறியே, அத.”

“இன்னா சொன்னாங்க?”

“கேட்டுட்டு அப்டியே எய்ந்து உள்ள போய்ட்டாங்க.”

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் இன்றைக்கும் என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. நான் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னால், என் மனைவி வாசற்கதவைத் தாழ் போட்டுவிட்டு வருவாள், கூட்டம் வந்துவிடுமாம். மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனதும், “மாப்ள எப்படிப்பா?” என்று அவளே கேட்டுவிட்டு, “சுமார்னே சொல்லு, வேற யாராவது தூக்கிட்டுப் போயிடப்போறாங்க” என்றாள். சம்பந்தி வீட்டார் முன்னாலேயே இந்தக் கதையை முழுசாகச் சொன்னாள். நான் மீன் வறுவலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டில்லி போன் செய்ததற்கு மறுநாள் வியாழக்கிழமை. காலை ஏழரைக்கு அந்தச் சந்து வழியாகத்தான் போனேன். என் தட்டு அலமாரியில் கவிழ்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் கீரைக் குழம்பும் கருவாடும். சாப்பிட்டேன்.